ரத்தக்கட்டு கரைந்த பிறகும் ஏன் மோசமாகிறது? பக்கவாதமும் மூளை அழற்சியும்

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று வீட்டில் எல்லோரும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். வாய் கோணுவதைப் பார்த்ததும் 108-ஐ அழைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி, சி.டி. ஸ்கேன், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் வலது கை விரல்களைக் கொஞ்சம் அசைத்தார். மூன்றாம் நாள் கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஐ.சி.யு. வாசலில் பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "கட்டு கரைஞ்சிடுச்சுன்னுதானே சொன்னாங்க? அப்புறம் ஏன்ப்பா இப்படி ஆச்சு?"

"மூளையில வீக்கம், பெரியம்மா" என்றேன். அது பதிலே இல்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது. வீக்கம் எங்கிருந்து வந்தது, அடைப்பு நீங்கிய பிறகும் ஏன் வந்தது, அதைத் தடுக்க ஒரு மருந்து ஏன் இல்லை? அந்தக் கேள்விகளோடு தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பக்கவாதத்தில் இரண்டு வகை. ஒன்றில் ரத்தக்குழாய் அடைபடுகிறது, இன்னொன்றில் வெடிக்கிறது. பெரும்பாலானவை அடைப்பு வகை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதல் சில நிமிடங்கள்

உடல் எடையில் மூளை 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைத்துக்கொள்ளும் வழக்கமும் அதற்குக் கிடையாது, அன்றன்றைக்கு வந்தால்தான் அடுப்பு எரியும். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-ல் கணக்கிட்டார்.

எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் சாவதில்லை. 100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் வர வேண்டும். அது 10 மில்லிக்கும் கீழே போன இடம் சீக்கிரமே செத்துவிடும். சுமார் 10 முதல் 20 மில்லி வரை வருகிற இடத்தில் செல்கள் வேலையை நிறுத்திவிட்டு, உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு கிடக்கின்றன. கிரகணப் பாடத்தில் கருநிழலைச் சுற்றிப் புறநிழல் என்று படித்திருப்போமே, மருத்துவர்கள் அந்தப் பெயரையே இந்தப் பகுதிக்கும் வைத்திருக்கிறார்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியும், தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டையே உருவி எடுக்கும் சிகிச்சையும் இந்தப் புறநிழலைக் காப்பாற்றத்தான்.

நடுப்பகுதியின் சேதம் புறநிழலுக்கும் பரவுவது இப்படித்தான். நடுவில் சக்தி தீர்ந்ததும் செல்லின் சோடியம், பொட்டாசியம் பம்புகள் நின்றுபோகின்றன. செல்கள் குளுட்டமேட்டை வெளியே கொட்டுகின்றன. சாதாரணமாக ஒரு நரம்பு செல் அடுத்ததோடு பேசப் பயன்படுத்தும் துளி வேதிப்பொருள் அது. அது வெள்ளமாகப் பாயும்போது பக்கத்துச் செல்களின் கதவுகள் எல்லாம் திறந்து, கால்சியம் உள்ளே புகுந்து, செல்லைச் செல்லே தின்ன ஆரம்பிக்கிறது. அளவுக்கு மீறிக் கிளறிவிட்டால் நரம்பு செல் செத்துப்போகும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஓல்னி 1969-லேயே காட்டத் தொடங்கிவிட்டார்.

பல ஆண்டுகள் ஆராய்ச்சியாளர்கள் இந்த முதல் அலையைத்தான் குறிவைத்தார்கள். பெரியப்பாவின் மூன்றாம் நாளுக்கான காரணமோ பெரும்பாலும் இரண்டாவது அலையில் இருக்கிறது.

அபாயச் சங்கு

ஒரு செல் வெடித்துச் செத்தால் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே சிந்தும். ஏ.டி.பி., எச்.எம்.ஜி.பி.1, பெராக்ஸிரெடாக்ஸின் போன்றவை செல்லுக்குள் இருக்கும்வரை நல்ல வேலைக்காரர்கள். வெளியே வந்தால் அவையே அபாயச் சங்கு. "இங்கே ஏதோ உடைந்துவிட்டது" என்ற அந்தச் செய்தியை மைக்ரோகிளியா செல்கள் பிடித்துக்கொள்கின்றன. இவை மூளையின் காவல்காரர்கள். ஸ்பெயினின் பியோ டெல் ரியோ ஓர்டேகா 1919-ல் தனி வகை செல்கள் என்று அடையாளம் காட்டியது இவற்றைத்தான். இவற்றின் மேற்பரப்பில் டி.எல்.ஆர்.4 என்றொரு ஏற்பி இருக்கிறது. பாக்டீரியா நுழைந்தால் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்ட கருவி அது. கிருமியே இல்லாத இடத்தில், செத்த செல்லின் சிதறலைப் பார்த்தும் அதே கருவி அதே அளவுக்கு அலறுகிறது. விஷயத்தின் மையமே இந்தக் குழப்பம்தான் என்பேன்.

அலறலுக்குப் பின் நடப்பது ஒரு தொடர்வேலை. அழற்சி என்பது இதைத்தான். செல்லுக்குள் என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதக் கூட்டணி ஒன்று சேர்கிறது. அது கேஸ்பேஸ்-1 என்ற கத்தரியை எழுப்புகிறது. அந்தக் கத்தரி, தூங்கிக்கொண்டிருந்த இன்டர்லூக்கின்-1 பீட்டாவை வெட்டி வேலைக்கு அனுப்புகிறது. உடனே ரத்தக்குழாயின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. ஐ-கேம்-1 என்ற ஒட்டுப் புரதம் அங்கே கூடுகிறது, ரத்தத்தில் போய்க்கொண்டிருந்த நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் அதில் மாட்டி நிற்கின்றன. அவை எம்.எம்.பி-9 என்ற நொதியைக் கொட்டுகின்றன. அந்த நொதி குழாய்ச் சுவரின் அடித்தளத்தையே அரித்துவிடுகிறது.

ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்புச் சுவர் இப்படித்தான் உடைகிறது. நீர் கசிகிறது, சில நேரம் ரத்தமே கசிகிறது. கையில் அடிபட்டு வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். மண்டையோடு இடம் கொடுக்காது. வீங்கிய பகுதி நல்ல பகுதியை நெருக்குகிறது. இந்த வீக்கம் பொதுவாக இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சம் தொடும். குழாய் திறந்துவிட்டாலும், அதற்கு முன்பே செத்துவிட்ட பகுதி பெரிதாக இருந்தால் வீக்கம் வந்தே தீரும். திறந்த குழாய் வழியாக வரும் புது ரத்தம் கூடுதல் வெள்ளணுக்களையும் கொண்டுவரும்.

வீக்கம் எல்லை மீறினால் இன்று நம்மிடம் இருக்கும் வலுவான சிகிச்சை ரம்பம்தான். மண்டையோட்டின் ஒரு பக்கத்து எலும்பை எடுத்து, மூளை வீங்க இடம் கொடுப்பது. ஐரோப்பாவில் நடந்த மூன்று சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2007-ல் முடிவு வெளியானது. 60 வயதுக்குள் இருந்தவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் இந்த அறுவை செய்தபோது, ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 78 சதவீதம். செய்யாதவர்களில் 29 சதவீதம்தான். அழற்சியை அடக்கி இத்தனை பெரிய பலனைக் கொடுக்கும் எந்த மருந்தும் இதுவரை இல்லை.

கொக்கிப்புழு முதல் எலி எதிரணு வரை

இத்தனை இலக்குகள் இருக்கும்போது ஒன்றை அடைத்தால் போதாதா? எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். 2006-ல் ஒரு குழு கணக்கெடுத்தபோது, அடைப்பு வகைப் பக்கவாதத்துக்காகப் பரிசோதிக்கப்பட்ட சிகிச்சைகள் 1,026 என்று தெரிந்தது. அவற்றில் 114 மனிதர்கள் வரை வந்தன. மூளைச் செல்களைக் காப்பதாக விலங்குகளில் காட்டிய மருந்துகள் மனிதரிடம் வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன.

என் மனதில் தங்கிவிட்ட தோல்வி என்லிமோமாப். இது ஒரு எதிரணு மருந்து, அதாவது குறிப்பிட்ட ஒரு இலக்கில் போய் ஒட்டி அதை மூடிவிடும் புரதம். ஐ-கேம்-1-ஐ மூடினால் வெள்ளணுக்கள் ஒட்டாது, சுவர் உடையாது என்பது யோசனை. 625 நோயாளிகளிடம் சோதித்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களில் 22.2 சதவீதம் பேர் மூன்று மாதத்துக்குள் இறந்துபோனார்கள். மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்களில் 16.2 சதவீதம். அதாவது மருந்து நோயை மோசமாக்கிவிட்டது. காரணத்தைப் பிறகு தேடினார்கள். அந்த எதிரணு எலியில் தயாரானது. மனித உடல் அதை அன்னியப் பொருளாகப் பார்த்தது, அதனால் அடக்க நினைத்த அழற்சியே தூண்டப்பட்டது. காய்ச்சலும் தொற்றும்கூட அந்தப் பக்கத்தில்தான் அதிகம்.

வேறொரு குழு, வெள்ளணு ஒட்டாமல் தடுக்கும் ஒரு புரதத்தை நாயின் கொக்கிப்புழுவிலிருந்து கற்றுக்கொண்டது. குடலில் ரத்தம் குடித்துப் பிழைக்கும் புழுவுக்கு உடலின் காவலை மட்டுப்படுத்தத் தெரியும் அல்லவா? அழகான யோசனை. 966 நோயாளிகள் சேர்ந்த அந்தச் சோதனையில் பலன் இல்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்கள். முடிவு வெளியான ஆண்டு 2003. தண்டுவட மரப்பு நோய்க்குத் தரும் நேட்டலிசுமாபும் இதே வாசலில் நின்று, இதே போலத் திரும்பிவிட்டது.

இன்டர்லூக்கின்-1 கதை வேறு. அதற்கு உடலே வைத்திருக்கும் ஒரு தடுப்பான் உண்டு. அதைக் கொடுத்தால் எலி மூளையில் சேதம் குறைகிறது என்று மான்செஸ்டரில் நான்சி ராத்வெல் குழு 1992-ல் காட்டியது. அந்தத் தடுப்பானின் மருந்து வடிவம் அனகின்ரா, முடக்குவாதத்துக்காக ஏற்கெனவே சந்தையில் இருக்கிறது. 2018-ல் 80 நோயாளிகளிடம் தோலடி ஊசியாகக் கொடுத்துப் பார்த்தபோது ரத்தத்தில் அழற்சியின் அடையாளமான இன்டர்லூக்கின்-6 நன்றாகக் குறைந்தது. நோயாளிகளின் நிலையோ மேம்படவில்லை. கட்டைக் கரைக்கும் ஊசியும் அனகின்ராவும் ஒன்றோடொன்று மோதுகின்றனவோ என்ற சந்தேகத்தை ஆய்வாளர்களே எழுப்பினார்கள்.

அந்தச் சந்தேகம் வீண் பயம் இல்லை என்பதற்கு நெரினெடைட் சாட்சி. இது முதல் அலைக்கான மருந்து. குளுட்டமேட் ஏற்பிக்கு அடியில் இருக்கும் பி.எஸ்.டி-95 என்ற இணைப்பைப் பிரித்துவிடும். 2020-ல் 1,105 பேரிடம் நடந்த சோதனையில் மொத்தமாகப் பலன் இல்லை. ஆனால் கட்டைக் கரைக்கும் ஊசி போடாதவர்களில் மட்டும் பலன் இருப்பதுபோலத் தெரிந்தது. கரைப்பான் ஊசி உடலில் பிளாஸ்மின் என்ற நொதியை உண்டாக்குகிறது, அந்தப் பிளாஸ்மின் நெரினெடைடைத் துண்டாக்கிவிடுகிறது. சரி, அந்த ஊசி போடாதவர்களிடம் மட்டும் கொடுத்துப் பார்ப்போம் என்று அடுத்த சோதனை நடந்தது. அதிலும் எதிர்பார்த்த பலன் வரவில்லை.

எதை அடக்குவது, எப்போது அடக்குவது

இந்தத் தோல்விகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியானது. இலக்கு என்பதை ஒரு மூலக்கூறின் பெயர் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் போதாது. அதில் கடிகாரமும் சேர்ந்தே இருக்கிறது.

எம்.எம்.பி-9 வகை நொதிகளையே எடுத்துக்கொள்வோம். முதல் நாளில் இவை சுவரை உடைக்கும் வில்லன். 2006-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஒரு குழு இந்த நொதிகளை ஏழாம் நாளில் தடுத்துப் பார்த்தது. எலிகளின் நிலை மோசமானது. ஏனென்றால் ஒரு வாரம் கழித்து இதே நொதிகள் இடிபாடுகளை வெட்டி, புதுக் குழாய் வளர வழி செய்கின்றன. மைக்ரோகிளியாவும் அப்படித்தான். மருந்து கொடுத்து அவற்றையே ஒழித்துவிட்ட எலிகளுக்குப் பக்கவாதச் சேதம் கூடியது, குறையவில்லை. செத்த செல்களை அள்ளவும், வளர்ச்சிப் பொருள்களைச் சுரக்கவும் அவை தேவை. அழற்சி என்ற சொல்லுக்குள் அழல் இருக்கிறது. கூரையில் பற்றினால் வீடு போய்விடும், அதற்காக அடுப்பையும் சேர்த்து அணைத்தால் சமையல் நடக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கவாதத்துக்குப் பின் மூளையில் அழற்சி கொழுந்துவிடும்போதே உடலின் மற்ற பகுதிகளில் நோய் எதிர்ப்பு படுத்துவிடுகிறது. மூளை அனுப்பும் ஸ்ட்ரெஸ் சமிக்ஞைகளால் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் குறைகின்றன. படுக்கையில் கிடப்பவர்களுக்கு நிமோனியா வருவதற்கு விழுங்கும் சிரமத்தோடு இதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்டவருக்கு எதிர்ப்பு சக்தியை மேலும் அடக்கும் மருந்து கொடுப்பது இரு பக்கமும் கூரான கத்தி.

அப்புறம், எலியில் வேலை செய்தது மனிதரிடம் ஏன் செய்யவில்லை? எலிகள் இளமையானவை, பெரும்பாலும் ஆண், சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இல்லாதவை. முக்கியமாக, ஆய்வகத்தில் எலியின் குழாயை ஒரு மணி நேரம் போல அடைத்துவிட்டுப் பிறகு திறந்துவிடுவார்கள். மருந்து சேதமடைந்த இடத்துக்குப் போய்ச் சேரும். அந்தக் காலத்து நோயாளிகளில் பலருக்குக் குழாய் திறக்கவே இல்லை. அடைபட்ட வாய்க்காலில் உரத்தைக் கரைத்துவிட்டால் கடைமடைக்கு எப்படிப் போகும்? 2015-ல் ஐந்து பெரிய சோதனைகள், கம்பி விட்டுக் கட்டை எடுக்கும் சிகிச்சை பலன் தருகிறது என்று நிறுவின. அன்றுதான் மனிதர்களின் நிலை அந்த எலிகளின் நிலைக்கு நெருங்கியது. பழைய தோல்விகளைப் பார்த்து இந்தத் துறையையே மூடியிருந்தால் பெரிய தவறாகியிருக்கும்.

இப்போது எங்கே நிற்கிறோம்

புதிய முயற்சிகள் அந்த மாற்றத்தைப் பிடித்துக்கொண்டுதான் போகின்றன. ஸ்பெயினில் உருவான ஆப்டால், மடிந்து நிற்கும் ஒரு டி.என்.ஏ. துண்டு. அபாயச் சங்கைக் கேட்கும் டி.எல்.ஆர்.4-ன் காதையே பொத்திவிடுகிறது. கட்டை எடுக்கும் சிகிச்சை பெற்றவர்களிடம் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குறிப்பிட்ட அளவு மருந்து பெற்றவர்களில் 4 சதவீதம் பேர் இறந்தார்கள், போலி மருந்து பெற்றவர்களில் 18 சதவீதம். மொத்தமே 151 பேர்தான் என்பதை மறக்கக் கூடாது. இத்தனை சிறிய எண்ணிக்கையில் தெரிந்த பலன்கள் பெரிய சோதனையில் கரைந்துபோனதை மேலே பார்த்தோம். ஆனாலும் இலக்கு, நேரம், திறந்த குழாய் மூன்றும் ஒன்றாகப் பொருந்தும் யோசனை இது என்பதால் நான் இதை ஆவலோடு பார்க்கிறேன்.

சீனாவில் பழைய மருந்தான மீத்தைல்பிரெட்னிசலோன் ஸ்டீராய்டைக் குறைந்த அளவில் மூன்று நாள் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 1,680 நோயாளிகள், 2024. மூன்று மாதத்தில் செயல்திறன் கூடியதா என்ற முதன்மைக் கேள்விக்கு விடை சாதகமாக இல்லை. ஆனால் இறப்பு 28.5 சதவீதத்திலிருந்து 23.2 ஆகக் குறைந்தது, மூளைக்குள் ஆபத்தான ரத்தக்கசிவும் குறைந்தது. அதே நாட்டில் 2020-ல் அனுமதி பெற்ற எடாரவோன் டெக்ஸ்போர்னியால் இன்னொன்று. எடாரவோன், ஜப்பானில் 2001 முதல் புழக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான். அதோடு அழற்சியைக் குறைக்கும் போர்னியாலைச் சேர்த்திருக்கிறார்கள். 1,165 பேரிடம் நடந்த சோதனையில் இந்தக் கூட்டு மருந்து பெற்றவர்களில் 67 சதவீதம் பேர் நல்ல நிலைக்குத் திரும்பினார்கள், எடாரவோன் மட்டும் பெற்றவர்களில் 59 சதவீதம். போர்னியால் கற்பூரத்துக்கு நெருங்கிய வேதி உறவு. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் கற்பூரத்தைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். கற்பூரத்தை விழுங்கினால் வலிப்பே வரும்.

மறுபடி பக்கவாதம் வராமல் தடுக்க அழற்சியைக் குறைப்பது தனி வழி. அங்கே பேசப்படும் மருந்து கோல்சிசின், என்.எல்.ஆர்.பி.3 கூட்டணி சேர்வதை மட்டுப்படுத்துவது. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையில் இது இருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டு வளர்க்கிறார்களே, அதன் விதை மருந்து நிறுவனங்களுக்குப் போவது இதற்காகத்தான். 2024-ல் வெளியான இரண்டு சோதனைகளில், சீனாவில் 8,343 பேரிடமும் ஐரோப்பா உள்ளிட்ட நாடுகளில் 3,154 பேரிடமும், மறுதாக்குதலைத் தடுப்பதாக கோல்சிசின் உறுதியாக நிரூபணமாகவில்லை. இரண்டாவதில் கொஞ்சம் சாதகமான சாயல் இருந்தது, அவ்வளவுதான். கிழங்கும் விதையும் கொடிய விஷம் என்பது அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும்.

பெரியப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கு எலும்பை எடுக்கும் அளவுக்கு வீக்கம் போகவில்லை. தலைமாட்டை உயர்த்தி, உப்புக்கரைசலும் மற்ற மருந்தும் கொடுத்துச் சமாளித்தார்கள். எட்டாம் நாள் கண்ணைத் திறந்து பெரியம்மாவைப் பார்த்தார். பில்லில் ஒரு நீளமான பட்டியல் இருந்தது. அதில் சிட்டிகோலின் என்ற ஊசிக்கு மட்டும் கணிசமான தொகை. 2,298 பேரிடம் சோதித்து 2012-ல் வெளியான முடிவில் சிட்டிகோலினுக்கும் போலி மருந்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் நம் நாட்டில் அது தாராளமாக எழுதப்படுகிறது. மருத்துவர் எழுதுவதை நாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் "இது எதற்கு, இதனால் என்ன மாறும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்கும் உரிமை, நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் குடும்பத்துக்கு இருக்கிறது.

பெரியம்மாவிடம் பிறகு ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குழாய் திறந்தது நிஜம், ஊசி வேலை செய்தது நிஜம், அதற்கு முன்பே செத்துப்போன செல்கள் எழுப்பிய சத்தத்தில் காவல்காரர்கள் வீட்டுக்காரர்களையே அடித்துவிட்டார்கள் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப நாங்க தாமதம் பண்ணலையே?" என்று கேட்டார். மூன்று மாதமாக அவர் மனதில் கிடந்தது அந்தக் கேள்விதான் போலிருக்கிறது. இல்லை பெரியம்மா, நீங்கள் துளியும் தாமதம் செய்யவில்லை என்றேன்.